மலையகத்துத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகும் திகதியை நம்மில் பலர் விமான டிக்கெட் விலையையும் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையையும் பார்த்தே முடிவு செய்கிறோம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வேர் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் உங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா எப்போது என்று கேளுங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள். கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட லீவு கேட்டு வந்து சேரும் நாள்கள் அவை. வேறு எந்த நாளில் போனாலும் வீடு வீடாக ஏறி இறங்கித்தான் சொந்தங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நாட்காட்டியை நம்பி மட்டும் திகதி குறிக்காதீர்கள். ஜூன் 13 அந்தோனியார் நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் பல தோட்டத்துக் கோயில்கள் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்று அந்தோனியார் கோயிலாகவே இருந்தால், ஒரே நாளில் அவர் எங்கெல்லாம் பூசை வைப்பார்? அதோடு தோட்டத்தில் சம்பளம் கைக்கு வருவது மாதத்தின் பத்தாம் திகதி அளவில். அதற்கு முன் திருவிழா வைத்தால் வீட்டில் விருந்துக்குக் காசு இருக்காது. இதையெல்லாம் பார்த்து ஒரு சனி, ஞாயிறுக்குத் தள்ளி வைப்பார்கள். போன வருடத் திகதி இந்த வருடத்துக்குப் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். கோயில் தலைவரிடமோ உபதேசியாரிடமோ மூன்று கேள்வி கேளுங்கள்: கொடியேற்றம் எப்போது, வெஸ்பர் (திருவிழாவுக்கு முதல் நாள் மாலை வழிபாடு) எப்போது, சுருபப் பவனி (புனிதர் சிலை ஊர்வலம்) எப்போது. மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் திகதி உறுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

பலர் செய்வது, திருவிழாவுக்கு முதல் நாள் இரவு போய் இறங்கி, மறுநாள் பூசை, பவனி, சாப்பாடு முடிந்து புறப்படுவது. முடிந்தால் நவநாள் (திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாடு) நடுவிலேயே போய்விடுங்கள். கொடி ஏறியதிலிருந்து ஒவ்வொரு மாலையும் செபமாலை, நவநாள் செபம், பிரசங்கம், நற்கருணை ஆசீர் என்று நடக்கும். சின்னத் தோட்டங்களில் மூன்று நாளோடு முடித்துக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிவிசனோ (தோட்டப் பிரிவு), ஒரு லயமோ (தொழிலாளர் வரிசை வீடுகள்), மாதர் சங்கமோ, இளைஞர்களோ பொறுப்பு. பெண்கள் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு ஓடி முகம் கழுவி, ஈரத் தலையோடு கோயிலுக்கு வருவார்கள். செபமாலை பாதி போய்க்கொண்டிருக்கும்போது பின்வரிசை நிறையத் தொடங்கும். பூசை முடிந்ததும் வாசலில் பிளேன்டீயும் அவித்த கடலையும் கொடுப்பார்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று பெரியவர்கள் கேட்பதும், உங்கள் தாத்தா எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் (அறையில்) இருந்தார் என்று சொல்வதும் அந்த நேரத்தில்தான். கடைசி நாளில் ஒலிபெருக்கிச் சத்தத்திலும் கூட்டத்திலும் யாருக்கும் பேச நேரம் கிடைக்காது.

காசு கொடுக்க விரும்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றதும் ஒலிபெருக்கிச் செலவு, மின்விளக்குச் செலவு உங்கள் தலையில் வந்து நிற்கும். அதை ஏற்பது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் சொந்தக்காரர்களோடு சேர்ந்து ஒரு நவநாளை எடுத்து நடத்துவது அதைவிட நல்லது என்பது என் எண்ணம். பூ வாங்குவது, பீடம் அலங்கரிப்பது, வாசகம் வாசிப்பது, தேநீர் ஊற்றுவது என எல்லாவற்றிலும் உங்கள் பிள்ளைகளும் கைவைப்பார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை என்றால் காணிக்கைப் பவனியில் ஒரு மெழுகுதிரியைப் பிடித்து நடக்கட்டும். புதுச் சுருபம் வாங்கிக் கொண்டுபோவதாக இருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்காமல் வாங்காதீர்கள். வைக்க இடமில்லாமல் திருப்பண்ட அறையில் துணி போர்த்திக் கிடக்கும் சுருபங்கள் பல.

பவனியை முழுதாக நடந்து பாருங்கள். சுருபக் கூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தேயிலை நடுவே வளைந்து போகும் பாதையில் இறங்குவார்கள். லயத்து முனையில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மேசை, அதில் வெள்ளைத் துணி, பூ, சாம்பிராணி. மெழுகுதிரி காற்றில் அணையாமல் இருக்க வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் வைத்திருப்பார்கள். இந்து வீடுகளுக்கு முன்னாலும் நிறைகுடமும் குத்துவிளக்கும் இருக்கும், அங்கேயும் கூடு நின்றுதான் போகும். மாரியம்மன் திருவிழாவில் நம் ஆட்கள் நிற்பதும் அப்படித்தான். தூக்குகிறவர்கள் மாறி மாறித் தோள் கொடுப்பார்கள். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் உங்களுக்கும் ஒரு முறை தருவார்கள்.

ஆண்டு முழுவதையும் இங்கே எழுத முடியாது. முக்கியமானவற்றைச் சொல்கிறேன். தலவாக்கலை நகரப் பங்கு புனித பத்திரிசியாருடையது, அவர் நாள் மார்ச் 17. ஹட்டன் திருச்சிலுவை ஆலயத்துக்குச் செப்டம்பர் 14. நுவரெலியா புனித சவேரியார் ஆலயத்துக்கு டிசம்பர் 3. இந்த நகர ஆலயங்களும் பக்கத்து ஞாயிறுக்குத் தள்ளி வைப்பது உண்டு. ஜூனில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குடை போதாது, மழைக்கோட்டும் வழுக்காத சப்பாத்தும் வேண்டும், அட்டைக் கடிக்குச் சவர்க்காரக் கட்டியோ உப்போ கையில் இருக்கட்டும். அதே நாள்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். அங்கே மழை ஆண்டுக் கடைசியில். ஆகஸ்ட் முதல் பாதியில் போனால் உங்கள் சொந்தங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு மலையகத்திலிருந்து பஸ் பிடித்துப் போவது பழைய வழக்கம். கண்டியில் தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலமும் ஜூலை, ஆகஸ்டில்தான் வரும், அப்போது அங்கே அறை கிடைப்பது கஷ்டம்.

என்னைக் கேட்டால் ஜனவரி நடுப்பகுதிதான் மிக நல்ல வாரம். தோட்டத்தில் தைப்பொங்கல். பல கோயில்களில் பூசையோடு முற்றத்திலேயே பானை வைத்துப் பொங்குவார்கள். அது முடிந்ததும் 16ஆம் திகதி புனித யோசப் வாஸ் அடிகளாரின் நாள். 20ஆம் திகதி செபஸ்தியார் நாள். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். நுவரெலியாவில் அப்போது விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும், பிள்ளைகளுக்குக் கம்பளி உடுப்பு அவசியம்.

வாஸ் அடிகளாரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கண்டிக்குப் போனால் அந்த நகரம் வேறு மாதிரித் தெரியும். 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம் அது. 1687இல் கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். தமிழும் சிங்களமும் படித்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நம்பிக்கையைப் பெற்றார். கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்த வீட்டாரே கைவிட்டபோது அவர் போய்ப் பார்த்துப் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். கல்லறை எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அது எந்த இடம் என்பது காலப்போக்கில் மறைந்துவிட்டது, ஆகவே அதைத் தேடி அலையாமல் புனித அந்தோனியார் பேராலயத்தில் அவர் நாள் பூசையில் கலந்துகொள்ளுங்கள். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்குப் போனார். இலங்கைக்குக் கிடைத்த முதல் புனிதர் இவர்தான். கூலிக்காரராக வேடமிட்டு வந்தவரை, கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நாம் நம்மவர் என்று உரிமையோடு கும்பிடலாம்.

கண்டியில் இருக்கும்போதே அம்பிட்டிய தேசிய குருமடத்தைப் பார்த்துவிடுங்கள். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) காலத்தில், 1893இல் தொடங்கிய பாப்பரசர் குருமடம் 1955இல் பூனாவுக்குப் போகும்வரை இருந்த இடம் அது. மாத்தளை மாவட்டத்து வஹாக்கோட்டை அந்தோனியார் திருத்தலத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். கண்டி அரசர் காலத்திலேயே போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கர் குடியிருந்த ஊர் அது, ஜூன் மாதம் கூட்டம் தாங்காது. ஹப்புத்தளை அடிசம் பங்களா இப்போது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். எல்லா நாளும் திறந்திருக்காது, வார இறுதியிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் போனால் பார்க்கலாம்.

இனி, பதிவேடுகள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பாதிக் குடும்பம் இந்தியாவுக்கும் பாதி இங்கேயுமாகப் பிரிந்துபோன சனம் நாம். அரசாங்கக் காகிதம் இல்லாத பாட்டன் பாட்டிக்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கக்கூடும். அது தோட்டத்துக் கோயிலில் இருக்காது, அந்தக் காலத்தில் அந்தத் தோட்டம் எந்தப் பங்கின் கீழ் இருந்ததோ அங்கே இருக்கும். பதுளை மறைமாவட்டம் 1972இல்தான் கண்டியிலிருந்து பிரிந்தது, ஆகவே பழைய காகிதத்தில் கண்டி என்று இருந்தால் குழம்ப வேண்டாம். கேட்கப் போகும்போது பெற்றோர் பெயர், பிறந்த வருடம் ஏறக்குறைய, தோட்டம், டிவிசன் இவ்வளவும் எழுதிக்கொண்டு போங்கள். தோட்டத்துக்குக் கம்பனிப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, இரண்டும் தேவை. வீட்டில் ராசு என்று கூப்பிட்டவர் பதிவேட்டில் சவரிமுத்துவாக இருப்பார். பழைய பதிவுகள் பல லத்தீனில் இருக்கும். பதிவின் ஓரத்தில் பின்னாளில் நடந்த திருமணக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஞானத்தாய் தகப்பன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவாகவே இருப்பார்கள். ஞாயிறு பூசை முடிந்த நேரத்தில் போய் அவசரப்படுத்த வேண்டாம். வார நாளில், முன்பே போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே போய் இடத்தைத் துப்புரவாக்க வேண்டும். தோட்டத்துக் கல்லறைகளில் கல் வைத்தவை குறைவு, மரச்சிலுவை உக்கிப்போயிருக்கும், மானாப்புல் மூடியிருக்கும். இடம் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள், அடையாளம் காட்டியதும் பெயரும் வருடமும் பொறித்த சின்னக் கல் ஒன்றை நட்டுவிடுங்கள்.

மீதிச் சில விஷயங்கள். பூசை ஒப்புக்கொடுக்க இறந்தவர் பெயரைத் தெளிவான தமிழில் எழுதி, காணிக்கையோடு உறையில் போட்டுப் பூசைக்கு முன்பே கொடுங்கள். நகரப் பங்குகளில் தமிழ்ப் பூசைக்கும் சிங்களப் பூசைக்கும் வேறு நேரம், விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கோயில்களில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காரும் வழக்கம் இன்னும் உண்டு. திருவிழா போயா நாளில் வந்தால் அன்றைக்கு இறைச்சி வாங்க முடியாது, முதல் நாளே ஏற்பாடு செய்ய வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரிய ஆலயங்களில் பைகளைச் சோதிப்பார்கள், பெரிய பையோடு போகாதீர்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் மண்சரிவு ஏராளம். ரயில் பாதையும் பல தோட்டப் பாதைகளும் சேதமாயின. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று புறப்படும் வாரத்தில் ஊராரிடம் கேளுங்கள். வெஸ்பர் முடிய இரவு ஒன்பது மணி தாண்டிவிடும், அப்போது தோட்டத்திலிருந்து நகரத்துக்கு பஸ் கிடைக்காது. லயத்தில் தங்க முடியாதவர்கள், அந்தத் தோட்டத்து ஆட்டோக்காரர் ஒருவரிடமே மாலையில் பேசி, திரும்பும் நேரத்தையும் காசையும் முடிவு செய்துவிட்டுக் கோயிலுக்குள் போங்கள்.