தோல் உறையும் சுழன்ற திசைகாட்டியும்

புத்தகம்போல் திறந்து மூடும் தோல் உறை ஒன்றைக் கைபேசிக்கு வாங்கினேன். அன்று முதல் வரைபடத்தில் திசை காட்டும் நீலக் கற்றை தடுமாறியது. கிழக்கே நடந்தால் தெற்கே காட்டியது. கைபேசியில்தான் கோளாறு என்று நினைத்தேன். உறையைக் கழற்றியதும் சரியாகிவிட்டது!

மூடியைப் பிடித்து நிறுத்தும் சிறு காந்தம்தான் காரணம். கைபேசிக்குள் இருக்கும் திசைகாட்டி பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து வேலை செய்கிறது. அருகில் வேறு காந்தம் இருந்தால் குழம்பிவிடும்.

அடுத்த முறை காந்தம் இல்லாமல், அழுத்தும் பொத்தான் வைத்த உறையாகத் தேடினேன். வெட்டிய விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தேன். நார்நாராக இருந்தால் தோல். துணிமேல் பூச்சு ஒட்டியிருந்தால் ரெக்சின். பல கடைகளில் தோல் என்று நீட்டியதெல்லாம் ரெக்சின்தான், அது எனக்குக் கோபமூட்டியது.

கார்த்திகை அடைமழையில் மடிப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட இரண்டு நாள் வைத்தேன். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். சார்ஜ் ஏற்றும்போது கைபேசி சூடானால் உறையைக் கழற்றிவிடுகிறேன்.