மிளகாய்ச் செடி இலைச் சுருட்டை: என் அனுபவம்

தொட்டியில் நன்றாக வளர்ந்த மிளகாய்ச் செடியின் கொழுந்து திடீரென்று சுருள ஆரம்பித்தது, பூவும் உதிர்ந்தது. தோட்டப் பைத்தியமான நண்பனுக்கு போன் போட்டு, "இலை சுருட்டிக்கிச்சுடா" என்றேன். வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கும் என்றான். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினேன். கொசு ஒட்டியதோடு சரி. வேப்பெண்ணெய் அடித்தும் புதுக்கொழுந்து சுருண்டேதான் வந்தது. தினமும் பேசினோம், ஆனால் பேச்சு அவன் வீட்டு ரோஜா, மண்புழு உரம் என்று எங்கெங்கோ போய்விடும்.

அப்புறம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டான்: "இலை மேல்பக்கமா சுருளுதா, கீழ்ப்பக்கமா?" போய்ப் பார்த்தேன். கவிழ்த்த படகு மாதிரி கீழ்நோக்கி. காம்பும் வழக்கத்தைவிட நீளம். விஷயமே அதில்தான். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி). கீழ்நோக்கி என்றால் பெரும்பாலும் முரணைச் சிலந்தி என்ற நுண்ணிய உயிரி. இலைக்கு அடியில் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூச்சி இனமே இல்லை என்பதால் பல பூச்சிமருந்துகளுக்கு அசையாது.

இந்தச் சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலக்கும் வகை, 80 சதவீதம்) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தேன். ஒன்று கவனிக்க வேண்டும்: எண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரமாவது கழித்துத்தான் கந்தகம், இல்லையென்றால் இலை கருகும். அதற்காகவே காத்திருந்தேன்.

சுருண்ட பழைய இலை நிமிராது, அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி அடிக்க வேண்டாம். புதுக்கொழுந்தைப் பாருங்கள். எனக்குத் தட்டையாக வந்துவிட்டது, பூவும் நிற்கிறது.