கூரை ஒழுகுகிறதா? சொட்டுகிற இடத்தை நம்பாதீர்கள்

வீட்டுக்குள் தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, அதற்கு நேர் மேலே மாடியில் சிமென்ட் பால் ஊற்றுவதுதான் முக்கால்வாசிப் பேர் செய்கிற வேலை. நானும் அதையே இரண்டு மழைக்காலம் செய்தேன். ஹாலில் மின்விசிறிக் கொக்கியை ஒட்டிச் சொட்டியது, அதற்கு நேர் மேலே ஒரு இடம் விடாமல் பூசினேன், நிற்கவே இல்லை. கடைசியில் பார்த்தால் தண்ணீர் நுழைந்த இடம் பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் இருந்தது. கான்கிரீட்டுக்குள் பதித்த ஒயரிங் பைப்புக்குள் இறங்கி, அது வழியாகவே ஓடி வந்து, மின்விசிறிப் பெட்டியில் வெளியேறியிருக்கிறது.

ஆகவே முதலில் தேடுவோம், அப்புறம் பூசலாம். அதற்கும் முன்னால் ஒன்று: விளக்கு, மின்விசிறி, சுவிட்ச் பெட்டி வழியாகத் தண்ணீர் வந்தால் அந்த இணைப்பின் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்திவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

படி 1: இது மழைத் தண்ணீர்தானா?

மேல்கூரை ஈரமானால் மழைதான் காரணம் என்பது முதல் தப்பு. மேல்மாடிக் குளியலறை, மேல்நிலைத் தொட்டி, அதன் பைப், ஏசி தண்ணீர்க் குழாய் எதுவாகவும் இருக்கலாம். தகரக் கூரை என்றால் உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு விடியற்காலையில் சொட்டும். அதில் கசிவே கிடையாது, காற்றோட்டம்தான் குறை.

கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஒரு வாரம் கவனியுங்கள். மழையே இல்லாத நாட்களிலும் ஒரே அளவில் கசிந்துகொண்டே இருந்தால் பைப்பைச் சந்தேகப்படுங்கள். மழை நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் சொட்டி, மெல்ல மெல்லக் குறைந்தால் அது பெரும்பாலும் மழைத் தண்ணீர்தான். தளத்தின் மேல் போட்ட ஓட்டுக்கும் காரைக்கும் அடியில் தேங்கிய தண்ணீர் இறங்கி முடிக்க அத்தனை நாள் ஆகும். 'மழைதான் விட்டுவிட்டதே, இன்னும் ஏன் சொட்டுகிறது, அப்படியென்றால் பைப்தான்' என்று குளியலறைத் தரையை உடைத்தவர்கள் உண்டு.

படி 2: மேலே ஏறிப் பாருங்கள்

எல்லாரும் தளத்தின் நடுவில் விரிசலைத் தேடுவார்கள். ஓரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலை, மழைநீர்க் குழாயின் வாய், பைப்புகள் தளத்தைத் துளைத்துப் போகிற இடம், தொட்டியின் கால், டிஷ் ஆன்டெனாவுக்கோ சோலார் ஸ்டாண்டுக்கோ போல்ட் அடித்த துளை. இரண்டு பொருள்கள் சேருகிற இடத்தில்தான் தண்ணீருக்கு வழி கிடைக்கும். கைப்பிடிச் சுவரின் தலைப்பில் பூச்சு வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது வழியாகச் சுவருக்குள் இறங்குகிற தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

மழை விட்டதும் போய்ப் பார்த்தால் வாட்டம் சரியா என்றும் தெரிந்துவிடும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாய் வாயைப் பார்த்துச் சரிவு வேண்டும். குட்டை தேங்குகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

ஓட்டு வீடு, தகரக் கூரை என்றால் ஈரத்தில் மேலே ஏறவே வேண்டாம், ஏணியில் நின்று பார்த்தால் போதும். ஓட்டில் உடைந்தது, நகர்ந்தது, முகட்டுப் பூச்சு வெடித்தது. தகரத்தில் திருகாணிக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்தது. அநேகமாக இதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

படி 3: ஹோஸ் பைப் சோதனை

மழை இல்லாத, காய்ந்த நாளில் செய்யுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சுடன் கறையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், மேலே நீங்கள். தாழ்வான இடத்தில் தொடங்கி, ஒரு இடத்தில் 15, 20 நிமிடம் தண்ணீர் விட்டு, அப்புறம்தான் அடுத்த மேட்டுக்குப் போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு கீழே ஓடிவிடும், எந்த வழியாக நுழைந்தது என்று சொல்லவே முடியாது. பொறுமை தேவைப்படும் வேலை, என் அனுபவத்தில் பாதிப் பேர் ஐந்தாவது நிமிடத்தில் அடுத்த மூலைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதிலும் சிக்கவில்லை என்றால், கான்கிரீட் தளத்தில் மட்டும், குழாய் வாயைத் துணியால் அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தலாம். ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ சுமை ஏறும், 10க்கு 10 அறை என்றால் 230 கிலோவுக்கு மேல். அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிற பழைய தளமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

படி 4: அடைப்பது

சிமென்ட் பால் ஏன் நிற்பதில்லை? வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காத சிமென்ட் அதே கோட்டில் மறுபடி வெடிக்கிறது. அதனால் விரிசலை வி வடிவில் வெட்டி, தூசியைத் தட்டி, ரப்பர் மாதிரி நீளுகிற பாலியூரித்தேன் சீலன்டால் நிரப்புங்கள். சுவர் மூலையில் கலவையால் சாய்வாக ஒரு கட்டு கட்டி, அது காய்ந்ததும் ஃபைபர் வலையை வைத்து, வாட்டர்ப்ரூஃப் பூச்சைச் சுவரின் மேல் அரை அடி உயரத்துக்காவது ஏற்ற வேண்டும்.

முழுத் தளத்துக்கும் பூசுவதாக இருந்தால், தளம் காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தடவி முடிவு செய்யாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள், அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அதன் மேல் பூசினால் கொப்புளம் போடும். பிரைமர், அப்புறம் இரண்டு மெல்லிய கோட், இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. ஒரே கோட்டாகத் தடிமனாக அப்பினால் பலமாக இருக்கும் என்பது வெறும் நம்பிக்கை.

உள்பக்கம் மட்டும் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துக் கறையை மறைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். மேலிருந்து வருகிற தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அது கான்கிரீட்டுக்குள் தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அப்புறம் கான்கிரீட்டே துண்டு துண்டாக விழும்.

படி 5: உடனே பட்டி பார்க்காதீர்கள்

பூச்சு காய்ந்ததும் அதே மூலையில் அதே ஹோஸ் பைப் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்புறமும் இரண்டு நல்ல மழை போகட்டும். கறை முழுக்க உலர்ந்து, பென்சில் கோட்டைத் தாண்டவில்லை என்றால் வெள்ளையாகப் பூத்த உப்பைச் சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கலாம்.