காசநோயில் இளைத்த உடம்பைத் தேற்ற

காசநோய் மருந்து ஆரம்பித்துப் பசி திரும்பியதும் வீட்டில் தட்டு நிறையச் சோற்றைக் குவிப்பார்கள். எடை ஏறும், தெம்பு வராது. நோயில் கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். தசை தேறப் புரதம் வேண்டும். கஞ்சியென்றாலும் பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்து, இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய்யும் வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும் போடுங்கள். கூடவே ஒரு முட்டை. அதிலேயே சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்தால் வயிறு ஏற்கும். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது தொடைக்கு நல்லது, மூச்சு வாங்கினால் நிறுத்திவிடலாம். வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். மருந்தின் அளவே எடையைப் பொறுத்தது என்பதால் ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். இறங்கினால் உடனே போங்கள். நிக்‌ஷய் போஷண் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் காசநோயாளிகளின் சத்துணவுக்கென மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள், பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.