எண்ணெயை லிட்டரில் அளந்தால் சோப்பு எரியும்

வீட்டில் சோப்பு செய்துவிட்டு "கை எரியுதுங்க" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எண்ணெயை எப்படி அளந்தீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் ஒரு லிட்டர் பாக்கெட்டை அப்படியே கவிழ்த்திருப்பார்கள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோ கிடையாது, சுமார் 910 கிராம்தான், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அதிலேயே போட்டிருக்கும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா என்ற காரம் பிடிக்கும், 910 கிராமுக்கு 167 போதும். கிலோ கணக்கில் 183 போட்டால் மிச்சம் 16 கிராம் காரம் சோப்புக்குள்ளேயே தங்கிவிடும், எரியாமல் என்ன செய்யும்? இந்த வம்பே வேண்டாம் என்றுதான் கணக்கில் வருவதிலும் 5 சதவீதம் குறைத்துப் போடுவார்கள்.

நாலைந்து வாரம் காயவிட்டால் காரம் இறங்கிவிடும் என்று சொல்வதையும் நம்பாதீர்கள். காய வைப்பது சோப்பில் உள்ள தண்ணீர் வற்றி அது இறுகுவதற்காக. அளவு மீறிப் போட்ட காரம் அதனால் போய்விடாது.

அப்புறம், தேங்காய் எண்ணெயில் பாதியை நல்லெண்ணெயாக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். மாற்றலாம், ஆனால் காஸ்டிக் கணக்கும் கூடவே மாற வேண்டும்: நல்லெண்ணெய்க்கு கிலோவுக்குச் சுமார் 134 கிராம், விளக்கெண்ணெய்க்கு 128. வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் பலருக்குத் தோலைச் சுண்ட வைத்துவிடும். விளக்கெண்ணெய் 10 சதவீதத்தைத் தாண்டினால் சோப்பு பிசுபிசுக்கும். சிக்கு வாடை அடிக்கிற பழைய எண்ணெயைச் சோப்பாக்கினாலும் அது பழைய எண்ணெய்தான், கொஞ்ச நாளில் ஆரஞ்சு நிறப் புள்ளி புள்ளியாக வரும்.

பாத்திரம் எவர்சில்வர்தான். நான் ஆரம்பத்தில் ஒரு அலுமினிய அன்னக்கூடையில் காஸ்டிக்கைக் கரைத்து, அது புஸ்ஸென்று பொங்கி, உள்ளே கறுத்து அரித்துப் போனதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அப்போது வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் அவ்வளவுதான். தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

முகத்துக்கு என்று வரும்போது தவறு வேறு மாதிரி. பரு வருகிற முகத்தில் ராத்திரி முழுக்கத் தேங்காய் எண்ணெய் ஊற வேண்டாம், துளைகள் அடைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு கலந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கறுத்த திட்டு மாதக்கணக்கில் மறையாது. பச்சைக் கற்றாழையை எண்ணெயில் அரைத்துப் பாட்டிலில் அடைக்கிறவர்களும் உண்டு. கற்றாழை பெரும்பாலும் தண்ணீர், அது எண்ணெயோடு ஒட்டாமல் அடியில் பிரிந்து நிற்கும், சில நாளில் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். கற்றாழை வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மஞ்சள் பால் வடிந்ததும் கழுவி, அன்றைக்கே தடவிவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்.