இன்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கோடை வெயிலில், வண்டி நிறைய ஆட்களுடன், ஏசியும் ஓட, முதல் இரண்டு கியர்களிலேயே ஏறினால் வெப்பம் காட்டும் முள் சிவப்பை நெருங்குவது அதிசயமல்ல. அந்த நேரத்தில் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அவசரம்தான்.

"இன்னும் நாலு வளைவுதான், மேலே போய் நிறுத்திக்கொள்ளலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்றைய கார்களில் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். சூடு மிஞ்சினால் வளைந்துவிடும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டும் போய்விடும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் சென்சாரைச் சுற்றித் திரவமே இல்லாமல் முள் தானாக இறங்குவதும் உண்டு. அதை நம்பி ஓட்டியவர்களுக்கு இன்ஜினையே பிரித்து வேலை பார்க்க வேண்டியதாகிவிடும்.

முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள். உள்ளே புழுங்கும், கண்ணாடிகளை இறக்கிக்கொள்ளலாம். இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி ஹீட்டர் வழியே வெளியேறும். பிறகு பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஆவி வந்தாலோ அடியில் கூலன்ட் ஒழுகினாலோ உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கூலன்டின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது. மூடிய அமைப்புக்குள் அழுத்தம் இருப்பதால், கூலன்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி தளர்ந்த கணமே அழுத்தம் குறைந்து, கூலன்ட் குபீரெனக் கொதித்து ஆவியோடு முகத்தை நோக்கிச் சீறும். பானெட்டிலிருந்து புகை நின்றுவிட்டதே என்று ஏமாறக் கூடாது. உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். அழுத்தம் தாங்கும் மூடி போட்ட கூலன்ட் தொட்டிக்கும் இதே எச்சரிக்கைதான். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். ஆறிய பிறகும் தடித்த துணியைப் போட்டு, மூடியைச் சற்றே திருப்பி, சீறல் அடங்கிய பின்பே கழற்றுங்கள். மின்விசிறியின் பக்கம் விரல் போக வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் அது தானாகச் சுழலத் தொடங்கும்.

சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். ஆறிய பின் மெல்ல ஊற்றுங்கள். அவசரத்துக்குக் குடிநீர் போதும். ஆனால் ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் நிரப்புங்கள். உப்புப் படியும் ஆழ்துளைக் கிணற்று நீர் ரேடியேட்டரை அடைத்துவிடும்.

நிரப்பிய பிறகும் முள் மறுபடி ஏறினால் ஓட்டாதீர்கள். வண்டியை இழுத்துச் செல்ல ஆளை அழையுங்கள்.