மறதி நோய் உள்ளவருக்கு டேப்லெட்டில் ஜிக்சா: முதல் நாளிலிருந்து

ஜிக்சா மாதிரி, துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர் விளையாடினால் போன நினைவு திரும்பும் என்று விளம்பரங்கள் சொல்லும். நம்பாதீர்கள். டிமென்ஷியா உள்ளவருக்கு இதில் கிடைப்பது வேறு: கால் மணி நேரம் கையும் கண்ணும் ஒரு வேலையில் லயிக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு சாக்கு கிடைக்கும். அதனால் அவர் தோற்கவே முடியாதபடி விளையாட்டை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும்.

படி 1: கருவி

போன் வேண்டாம், 10 அங்குலத் திரையாவது தேவை. ஸ்டாண்டில் சாய்த்து வையுங்கள். மேசையில் படுக்க வைத்தால் கூரை விளக்கு திரையில் தெரியும், அதையும் ஒரு துண்டு என்று நினைத்து நகர்த்தப் பார்ப்பார். திரை தானாக அணைவதை நிறுத்திவிடுங்கள். பாதியில் கறுத்துப்போனால் தான்தான் கெடுத்துவிட்டதாக நினைத்துப் பயந்துவிடுவார்.

படி 2: பூட்டு

ஐபேடில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கைடட் ஆக்சஸ் என்று போய் அதை ஆன் செய்யுங்கள். விளையாட்டைத் திறந்து ஹோம் பட்டனை (அது இல்லாத மாடலில் மேல் பட்டனை) மூன்று முறை அழுத்தித் தொடங்கினால், விரல் எங்கே பட்டாலும் ஆப் மூடாது. ஆண்ட்ராய்டில் இதே வேலையை ஆப் பின்னிங் ஓரளவு செய்யும். செக்யூரிட்டி பகுதியில் தேடுங்கள். பிறகு ஏரோபிளேன் மோட். விளம்பரம் வரும் இலவச ஆப் வேண்டவே வேண்டாம்: மூலையில் இருக்கும் பொடி எக்ஸ் குறியைத் தேடுவது நமக்கே எரிச்சல்.

படி 3: விரல்

அதிகம் தடுமாறுவது இங்கேதான். வயதானவர்கள் திரையைத் தட்டுவதில்லை, அழைப்பு மணி மாதிரி அழுத்திப் பிடிப்பார்கள். டேப்லெட் அதை 'லாங் பிரஸ்' என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும். வறண்ட விரலையோ சில நேரம் திரை உணர்வதே இல்லை. ஈரத்துணியில் லேசாக ஒற்றினால் சரியாகும். ரப்பர் முனை வைத்த தடித்த ஸ்டைலஸ் (திரையைத் தொடும் பேனா) இன்னும் நல்லது, பென்சில் பிடித்த பழக்கம் கையில் இருக்கும். கை நடுங்கினால் ஐபேடின் அக்சஸிபிலிட்டியில், டச் பகுதியில் உள்ள டச் அகாமடேஷன்ஸில் 'இக்னோர் ரிபீட்' போடுங்கள், அடுத்தடுத்துப் படும் தொடுதலை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். துண்டை இழுக்கும்போது பாதியில் நழுவுகிறதா? துண்டை ஒருமுறை, இடத்தை ஒருமுறை தட்டினால் போதும் என்றிருக்கும் ஆப்புக்கு மாறுங்கள்.

படி 4: படம்

சொந்தப் புகைப்படத்தைப் புதிராக்கும் ஆப்பாகப் பாருங்கள். அவருடைய பத்து முதல் முப்பது வயது வரையான காலத்துப் படங்கள், போன வருடம் எடுத்ததைவிட எளிதில் பிடிபடும். ஒரே முகம் அல்லது ஒரே பொருள், தெளிவான விளிம்பு. வானமும் புல்வெளியும் நிறைந்த படம் உதவாது, எல்லாத் துண்டும் ஒன்றுபோல இருக்கும். வயதான கண்ணுக்கு நீலமும் பச்சையும் குழம்பும் என்பதையும் பாருங்கள். கார்ட்டூன் கரடி வேண்டாம். பெரியவரைக் குழந்தையாக்குவது அவருக்குப் புரியும்.

தொடக்கம் 4 துண்டு. பிறகு 6, 9. டைமர், மதிப்பெண், துண்டு சுழல்வது, தவறுக்கான ஒலி எல்லாம் ஆஃப். பின்னால் மங்கலாகத் தெரியும் மாதிரிப் படம் மட்டும் ஆன்.

படி 5: உட்காருவது

பெரும்பாலானவர்களுக்குக் காலை நேரம் நல்லது. சாயங்காலத்தில் குழப்பமும் படபடப்பும் கூடும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்காருங்கள். முதல் துண்டை நீங்கள் வையுங்கள், பேசாமல்.

அவர் விரல் துண்டுக்கு மேலே வந்து அந்தரத்தில் நிற்கும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால், துண்டை உரிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் விடுங்கள். மிச்சத்தை அவர் தள்ளட்டும். கடைசித் துண்டு எப்போதும் அவருக்கே.

"இது யாருன்னு ஞாபகம் இருக்காப்பா?" என்பது பரீட்சை. "இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றால் பேச்சு தானாக வரும்.

சரிவராதபோது

பொருள்களின் பெயரைச் சரியாகச் சொல்கிறவர் 4 துண்டைக்கூடப் பொருத்தத் திணறினால், பெரும்பாலும் இடமும் வடிவமும் உணர்வதில்தான் சிக்கல். லூயி பாடி என்ற டிமென்ஷியா வகையில் இது சகஜம். ஜிக்சாவை விட்டு, தட்டினால் இசை வரும் விளையாட்டுக்குப் போங்கள். நிறுத்தவே மாட்டேன் என்பவருக்கு நடுவில் பிடுங்காமல், படம் முடிந்ததும் எழுந்து நடக்க அழையுங்கள்.

சில மாதங்களில் 9 துண்டு கடினமாகிவிடலாம். அப்போது ஒன்றும் சொல்லாமல், அவர் வருவதற்கு முன்பே 4 துண்டுக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.